எல்லாச் சுட்டெண்ணும் ஓடட்டும்

ஜனவரி 12

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன்.

அப்பா பாலை அடுப்பில் வைத்துவிட்டு ரேடியோவில் செய்தி கேட்கப் போய்விட்டார். அடிப்பிடித்த சட்டி இதோடு இரண்டு. மின்கம்பத்தில் ஏறி ஊருக்கெல்லாம் விளக்கு எரியவைத்த மனிதருக்கு ஒரு அடுப்பைக் கட்டி மேய்க்கத் தெரியவில்லை. குட்டிக்குச் சளி போவதும் வருவதுமாக இருக்கிறது. உன் மாப்பிள்ளை லாரியோடு போனவர் இன்னும் திரும்பவில்லை. வேறு வழியில்லாமல் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், எக்ஸ்ரே அறைக்கு வெளியே நர்ஸம்மா மேஜைக்கடியில் உட்காரவைத்துவிட்டுப் படம் எடுத்தேன். மூன்று வயதில் அவளுக்கு அந்த இடம் வீடு மாதிரி ஆகிவிட்டது.

எதிர்வீட்டு அம்மா என்னை வழிமறித்து, "உங்கம்மா கோவிச்சுக்கிட்டு ஓடிப்போயிட்டாங்களாமே, நிஜமா?" என்று கேட்டாள். படிக்கப் போயிருக்கிறார் என்றேன். ஐம்பத்தாறு வயதில் என்ன படிப்பு என்றாள். கணக்கு என்றேன். "அதான் முப்பது வருஷம் ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்களே, இன்னுமா முடியல?" என்றாள். எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வேன்?

அவள் வாயை அடைப்பதற்காகவாவது எழுது. அங்கே உட்கார்ந்து நீ என்னதான் செய்கிறாய்? ஜூனில் முடியும் என்றாயே, ஜூன்தானா? சும்மாதான் கேட்கிறேன்.

மாடிப்படியில் பார்த்து ஏறு. முழங்கால் உன்னுடையது, கணக்குக்குச் சொந்தமில்லை.

உன் மகள்

•

ஜனவரி 25

அன்புள்ள வாலுவுக்கு,

முழங்கால் என் பேச்சைக் கேட்கிறது. மற்றபடி நான் சுகம். குட்டிக்கு நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். உன் அப்பாவுக்கு அடுப்பும் ரேடியோவும் ஒரே அறையில் இருக்கும்படி பார்த்துக்கொள்.

கேட்டாய், சொல்கிறேன். பெருக்குத் தொடர் உனக்கு ஞாபகம் இருக்கும், நான்தானே சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைப்போல இத்தனை மடங்கு. அந்த மடங்கு கடைசிவரை மாறாது. இப்போது அந்த மடங்கே ஓர் ஒழுங்கோடு மாறிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள். அது மீப்பெருக்குத் தொடர். அந்த ஒழுங்கு முழுவதும் க்யூ என்ற ஒரே எண்ணின் அடுக்குகளால் ஆனது என்றால், அதன் முன்னால் 'அடிப்படை' என்று ஓர் அடைமொழி சேர்ப்பார்கள். ஒரு சுட்டெண் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று ஓட, உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போவோம். இரண்டு மூன்று சுட்டெண்கள் சேர்ந்து ஓடினால் அது பல பரிமாணத் தொடர். ஓடுகிறவை ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும், அங்கேதான் விளையாட்டு.

உருமாற்றச் சூத்திரம் என்பது இதுதான். உதாரணத்துக்கு, சமன் குறிக்கு இந்தப் பக்கம் மூன்று சுட்டெண்கள் ஓடுகின்றன. அந்தப் பக்கம் இரண்டுதான். பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கூட்டிப் பார்த்தால் விடை ஒன்று. மூன்று பேர் ஓடி முடிக்கிற வேலையை இரண்டு பேர் ஓடி முடிக்கிறார்கள். அப்படி ஒரு புதுச் சூத்திரம், எத்தனை சுட்டெண் ஓடினாலும் செல்லுபடியாகிற மாதிரி, என் கையில் இருக்கிறது. எழுதி ஒரு ஆய்விதழுக்கு அனுப்பியிருக்கிறேன். உலகத்தில் யாரும் இதை இதற்கு முன்னால் எழுதியதில்லை. எதிர்வீட்டு அம்மாவிடம் இதைச் சொல். புரியாவிட்டால் எனக்கு எழுதச் சொல்.

என் அறைத்தோழிக்கு இருபத்திநான்கு வயது. என்னை ஆன்ட்டி என்கிறாள். என் வழிகாட்டிக்கு உன் வயதுதான். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை சார் என்பேன், அப்புறம் இருவருக்குமே சிரிப்பு வந்துவிடும். நான் ஓடித்தான் வந்தேன், வாலு. யாருக்கும் கோபித்துக்கொண்டு இல்லை. ஜூனுக்கு முன்னால் வரமாட்டேன், யார் வழிமறித்தாலும்.

அம்மா

•

பிப்ரவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் தாமதம். நீ நலமாக இருப்பாய் என்பது உன் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஒரு எழுத்துகூடச் சாயவில்லை.

மூன்று பேர் வேலையை இரண்டு பேர் செய்து முடிக்கச் சூத்திரம் கண்டுபிடித்திருக்கிறாய். சந்தோஷம். இங்கே மூன்று பேர் வேலையை நான் ஒருத்தி செய்கிறேன். அதற்குச் சூத்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை, ஒரு பொம்பளை இருந்தால் போதுமாக இருக்கிறது.

கோபமாக எழுதியதுபோல இருக்கும். கோபம்தான். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை, விட்டுவிடு.

ஆஸ்பத்திரியில் புதிதாகக் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவு திறக்கப்போகிறார்கள். பெரிய இயந்திரம் வரப்போகிறது. எங்கள் அறைச் சுவரை இடித்துக் கனமாகக் கட்டுகிறார்கள். தூசியில் படமெல்லாம் மங்கலாக விழுகிறது, திட்டு எனக்கு விழுகிறது. அந்த இயந்திரத்தை ஓட்ட இங்கே யாருக்கும் தெரியாது. யாராவது ஒருவரை வெளியே அனுப்பிப் படிக்கவைப்பார்கள்.

குட்டி இப்போது பத்து வரை எண்ணுகிறாள். ஏழை மட்டும் விட்டுவிடுவாள். அப்பா திருத்தாமல் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஜூன் என்பதை மே என்று ஆக்க முடியாதா? ஒரு தேதி சொன்னால் போதும்.

உன் மகள்

•

மார்ச் 9

அன்புள்ள வாலுவுக்கு,

நீ கோபப்பட்டது நியாயம். சூத்திரத்தில் ஆட்கள் குறையும்போது பாரம் குறைவதில்லை என்பதை நான் எழுதாமல் விட்டேன். மிச்சம் இருக்கிறவர்களின் கெழுவில், முன்னால் நின்று பெருக்குகிற எண்ணில், அத்தனையும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான் நேற்று ஒரு அடி விழுந்தது. ஆய்விதழிலிருந்து ஒரே பக்கத்தில் பதில். பேர் தெரியாத பரிசீலகர். வளவளப்பு இல்லை. இரண்டு சுட்டெண்ணும் ஒன்றுவரை மட்டும் ஓடுகிற மிகச் சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. நாலே நாலு உறுப்பைக் கூட்டுகிற கணக்கு, வாலு. பத்தாம் வகுப்பில் ஒரு பெண் அதைத் தப்பாகப் போட்டிருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் நாற்காலி இரண்டு உண்டு. ஒன்றில் கோப்புகள் உட்கார்ந்திருக்கும், இன்னொன்றில் அவர். நின்றுகொண்டேதான் கேட்டேன். அவர் கத்தவில்லை, அன்பாகவே பேசினார், அதுதான் பொறுக்கவில்லை. "ஒரு பரிமாணத்துல உங்க சூத்திரம் சரியா வருது இல்லையா மேடம்? அதோட நிறுத்திக்குங்க. பல பரிமாண அத்தியாயத்தை எடுத்துடுங்க. மே மாசம் பட்டத்தோட வீட்டுக்குப் போகலாம். உங்க வயசுக்கு இது போதுமே" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

யோசிக்கிறேன். என் பொண்ணுக்குத் தேதி வேண்டுமாம், அதையும் சேர்த்து.

அம்மா

•

மார்ச் 18

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது, மத்தியானமே பதில் எழுதுகிறேன். எல்லோரும் சௌக்கியம்.

அவர் சொல்வதைக் கேள் அம்மா. பட்டம் பட்டம்தான். யார் அதைப் பிரித்து எத்தனை பரிமாணம் என்று எண்ணப்போகிறார்கள்? தப்பு என்று தெரிந்ததை எடுத்துவிடுவதில் என்ன கேவலம்? மங்கலாக விழுந்த படத்தை நாங்கள் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எடுப்போம், அழுதுகொண்டு உட்கார மாட்டோம்.

மே என்றால் எந்த வாரம்? பதினைந்தாம் தேதிக்குள் வந்துவிட முடியுமா? வர முடியாவிட்டால், வருகிற நாளை உறுதியாக எழுதினாலும் சரி. அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். சொல்லச் சொன்னேன், சொன்னார்.

குட்டியிடம் பாட்டி மே மாதம் வருவாள் என்று சொல்லிவிட்டேன்.

உன் மகள்

•

ஏப்ரல் 2

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம், அதைவிடத் தெளிவாக இருக்கிறேன். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்றைக்குக் கோப்புகளைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசினேன். "ஒரு பரிமாணம் எனக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் சார். தெரிஞ்சதையே எழுதி வாங்கற பட்டத்தை நான் எந்தச் சுவத்துல மாட்டறது?" என்று கேட்டேன். அவருக்கு முகம் சிவந்தது. மே தாண்டினால் விடுதி அறை கிடையாது, நீட்டிப்புக்கு அவர் கையெழுத்து கிடையாது என்றார். என் வழிகாட்டி பக்கத்தில் நின்றிருந்தார். இத்தனை நாள் தலைவர் முன்னால் தும்மக்கூடப் பயந்த பிள்ளை. "என் கையெழுத்து இருந்தா போதும்னு விதியில இருக்கு சார்" என்றார்.

தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. என்ன விட்டுப்போயிற்று என்பதுதான் தெரியவில்லை. நான் சோதித்த விதம் தப்பு. ஒரு சுட்டெண்ணைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு இன்னொன்றை ஓடவிட்டுப் பார்த்தேன், நூறு வரைக்கும் பொருந்தியது. பிறகு இதை நிறுத்தி அதை ஓடவிட்டேன், அதுவும் பொருந்தியது. அடித்தது யோகம் என்று அனுப்பிவிட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும்போது என்ன ஆகும் என்று பார்க்கவே இல்லை. "மத்ததையெல்லாம் பூஜ்யமா வெச்சுக்கோ, ஒண்ண மட்டும் பாரு" என்று முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்று கத்தினேனே, அந்தப் பழக்கம். வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். இது டீச்சர் தப்பு.

அதனால் மே இல்லை, ஜூனும் இல்லை. செப்டம்பர் ஆகலாம். குட்டியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். ஏழு எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு. எனக்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

அம்மா

•

ஏப்ரல் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. செப்டம்பர் என்றால் செப்டம்பர்.

ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். அதனால்தான் உடனே எழுதவில்லை.

உன் மகள்

*டீச்சருக்கு, அவள் குளிக்கப் போன நேரத்தில் கீழே மிச்சமிருக்கிற இடத்தில் எழுதுகிறேன். அந்தக் கதிர்வீச்சு இயந்திரத்துக்குப் படிக்க ஆஸ்பத்திரியில் இவளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இரண்டு வருடம், வெளியூர், ஜூலையில் தொடக்கம். மே பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நீ வந்து குட்டியைப் பார்த்துக்கொள்வாய் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் சொல்லவில்லை, எழுதியிருக்கிறேன். அவள் அப்பா.*

•

மே 8

வாலு,

சுகமா என்று கேட்கிற நிதானம் எனக்கு இல்லை. உன் அப்பா எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே.

ஜனவரியிலிருந்து தேதி தேதி என்று கேட்டாய். இயந்திரம் வருகிறது என்றாய், சுவரை இடிக்கிறார்கள் என்றாய். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. நான் நாலு உறுப்பைக் கூட்டத் தெரியாதவள் என்பது ஏற்கெனவே நிரூபணமான விஷயம். ஆனால் நீ ஏன் வாயைத் திறக்கவில்லை? 'அம்மா, எனக்கு இடம் கிடைத்திருக்கிறது' என்று எழுத ஒரு வரி ஆகாதா?

நீ ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். எழுதியிருந்தால் நான் அந்த ஒற்றைப் பரிமாணத்தைக் கொடுத்துவிட்டு ஓடி வந்திருப்பேன் என்று பயந்தாய். நானாக வந்தால் சரி, உனக்காக விட்டுவிட்டு வந்தேன் என்ற பேர் வேண்டாம். உனக்கு இந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை.

கேள். நான் வரமாட்டேன். நான் வந்தால் நீ போவாய், அது சரி. நீ ஓட, நான் பூஜ்யத்தில் நிற்பேன். உன்னை வளர்த்த காலத்திலும் அப்படித்தான் நின்றேன். சந்தோஷமாகத்தான் நின்றேன், அதில் குறையில்லை. இப்போது நான் ஓடுகிறேன், நீ நிற்கிறாய். ஒருவர் நின்றால்தான் ஒருவர் ஓடலாம் என்று இந்தக் குடும்பத்தில் யார் எழுதிவைத்தது? ஒவ்வொருவராக ஓடவிட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடினால் இந்த வீடு என்ன ஆகும் என்று யாரும் போட்டுப் பார்க்கவே இல்லை.

போட்டுப் பார்ப்போம். நீ நாளைக்கே சம்மதம் எழுதிக் கொடு. குட்டியை உன் அப்பா பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொள்ளத் தெரியாது என்று சொல்லாதே. அறுபது அடி உயரத்தில் ஒற்றைக் கயிற்றில் தொங்கியவருக்குக் குழந்தைக்குச் சட்டை மாட்டத் தெரியாதா? மாப்பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் என்னிடம் அனுப்பு.

எனக்கு அழுகை வருகிறது, கோபத்தில்தான். போ.

அம்மா

•

மே 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சௌக்கியமாக இரு. இதைப் படித்துவிட்டு எழுந்து நின்று கத்தாதே, அறைத்தோழி பயந்துவிடுவாள்.

எனக்கு இரண்டு வருடப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. சம்மதம் எழுதி இன்று காலையில் மேலதிகாரி மேஜையில் வைத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. நீ போனபோது எங்களை யார் கேட்டார்கள்? 'போகிறேன்' என்று பெட்டியோடு நின்றாய். நானும் அப்படித்தான் நின்றேன், உன் மாப்பிள்ளை முன்னால். "குட்டிய யாரு பாத்துக்கறது?" என்றார். "அவளுக்கு அப்பான்னு ஒருத்தர் இருக்கறதா கேள்விப்பட்டேன்" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தொலைதூர லோடு வேண்டாம், கிட்டத்து லோடு போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். மீதி நேரத்துக்கு என் அப்பா இருக்கிறார். அவரை இன்னும் கேட்கவில்லை.

ஏப்ரலில் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மாதம் முழுவதும் உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். பேனாவை எடுக்கப் பயமாக இருந்தது, அவ்வளவும் கொட்டிவிடுவேன் என்று. பிறகு ஒரு நாள் வரிசையில் நின்ற கிழவருக்குக் கை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன். நீ அந்த நாற்காலியிலிருந்து கோப்புகளைத் தரையில் வைத்த காட்சி கண்முன் வந்தது. சிரிப்பு வந்துவிட்டது. கிழவர் தன் கையைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

நீ வராதே. வந்தாயானால் கதவைத் திறக்க மாட்டேன். எனக்காகத் திரும்பி வந்தாய் என்ற பேரை நான் ஆயுசுக்கும் சுமக்கத் தயாராக இல்லை. செப்டம்பர் என்றால் செப்டம்பர் என்று போன கடிதத்தில் எழுதியது கோபம். இப்போது எழுதுவது உத்தரவு.

உன் மகள்

•

செப்டம்பர் 21

அன்புள்ள உங்களுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்களுக்கும் குட்டிக்கும் உடம்பு எப்படி? முப்பத்திரண்டு வருடத்தில் உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. பக்கத்திலேயே இருந்தவருக்கு எதற்கு எழுத வேண்டும் என்று விட்டிருப்பேன்.

விடுதி அறையைச் சொன்னபடியே பூட்டிவிட்டார்கள். ஜூனிலிருந்து ஒரு சலவைக்கடைக்கு மேலே இருக்கிறேன். பெரிய அறை. பகலெல்லாம் தரையிலிருந்து இஸ்திரிச் சூடு ஏறும். சட்டைகளைச் சுற்றுகிற பழுப்புத் தாளைக் கடைக்காரர் சும்மாவே தருகிறார். சுவர் முழுக்க அதை ஒட்டி அதில்தான் கணக்கு.

விட்டுப்போனது கிடைத்துவிட்டது. க்யூவுக்கு மேலே ஓர் அடுக்கு. அந்த அடுக்கில் இரண்டு சுட்டெண்களின் பெருக்கல். அவ்வளவுதான். ஒன்று பூஜ்யமாக நின்றால் பெருக்கலும் பூஜ்யம். க்யூவின் பூஜ்ய அடுக்கு ஒன்று. ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறாது, அதனால் அப்படி ஒரு பொருள் அங்கே இருப்பதே தெரியாது. இரண்டும் ஓடினால்தான் அது கண்ணில் படும். எழுதினால் அரை வரி. அதை வைத்து நிரூபணத்தை அஸ்திவாரத்திலிருந்து கட்டக் கோடை முழுவதும் ஆயிற்று. ஆய்வேட்டைக் கொடுத்து, போன வாரம் வாய்மொழித் தேர்வும் முடிந்தது. துறைத் தலைவர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "ஏப்ரல்லயே என் பேச்சைக் கேட்டிருந்தா நாலு மாசம் மிச்சமாயிருக்குமே, இப்ப என்ன அதிகமா கிடைச்சுது?" நான் சுண்ணக்கட்டியை எடுத்து அந்த அரை வரியைக் கரும்பலகையில் எழுதி, "இது கிடைச்சுது சார்" என்றேன். பட்டம் தந்துவிட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு சுட்டெண்கள் ஓடும் வரைக்கும்தான் நிரூபணம் நிற்கிறது. மூன்று ஓடினால் என்ன என்று தெரியவில்லை. எனக்கு மட்டுமில்லை, யாருக்குமே தெரியவில்லை. ஒரு வருடம் தங்கிப் பார்க்கலாமா என்று என் வழிகாட்டி கேட்டார். தங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் சரி என்பீர்கள். நீங்கள் எப்போதுமே சரி என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தடவை எனக்கு அந்தச் சரி வேண்டாம். கோபம் இருந்தால் எழுதுங்கள். கோபித்துக்கொண்டு எழுதினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

உங்கள் டீச்சர்

•

அக்டோபர் 25

டீச்சருக்கு,

நாங்கள் சுகம். குட்டிக்குச் சளி இல்லை. எனக்குக் கோபம் உண்டு, கேட்டாயே என்பதற்காக எழுதுகிறேன்.

மே மாதம் ஒரே வாரத்தில் இரண்டு கடிதம். குட்டியை அப்பா பார்த்துக்கொள்வார் என்று நீ எழுதுகிறாய். மீதிக்கு அப்பா இருக்கிறார் என்று அவள் எழுதுகிறாள். அவள் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டி ஒட்டச் சொன்னாள், நான்தான் பசை போட்டேன். உன்னுடையதை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரே மாதிரி கையெழுத்தில் ஒரே மாதிரி திமிர். நடுவில் நான் ஒருத்தன் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேரில் ஒருத்திக்காவது என்னைக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது மூன்றாவது தடவையும் கேட்கவில்லை. பழகிவிட்டது.

ஜூலையிலிருந்து வீட்டை நடத்துகிறேன். மூன்று பேர் வேலையை ஒருத்தி செய்தேன் என்று அவள் பீற்றிக்கொண்டது பொய். என்னால் முடியவில்லை. இரண்டு பேர் வேண்டியிருக்கிறது, அதில் ஒருத்திக்கு மூன்று வயது. ஆனால் விடை சரியாகத்தான் வருகிறது, கொஞ்சம் கருகின வாசனையோடு. மாப்பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் துணி துவைக்கிறார். குட்டிக்கு ஜடை போடக் கற்றுக்கொண்டேன். கம்பி முறுக்குகிற அதே வேலை. அவள் இப்போது ஏழைச் சொல்கிறாள், எட்டை விட்டுவிடுகிறாள்.

உன் கடிதம் வந்த அன்று ரேடியோவை அணைத்துவிட்டு யோசித்தேன். நீ ஓடுகிறாய், அவள் ஓடுகிறாள். நான் இந்த வீட்டில் நின்றுகொண்டே இருக்கிறேன். வேலைக்குப் போன காலத்திலும் கம்பத்தில் நின்றுகொண்டுதான் இருந்தேன். என்னைப் பூஜ்யமாக வைத்துத்தான் நீங்கள் இரண்டு பேரும் உங்கள் கணக்கைச் சரிபார்த்திருக்கிறீர்கள். அப்படியே இருந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டாயா?

குட்டியோடு உன் ஊருக்கு வந்துவிடட்டுமா என்று உன் மகளுக்கு எழுதிக் கேட்டேன். கேட்டுத்தான் செய்கிறேன், உங்களைப்போல் இல்லை. குட்டியை எங்கே வைத்துக்கொண்டாலும் சரி, நீங்கள் சந்தோஷமாக இருந்தால் போதும் என்று பதில் போட்டாள். மாப்பிள்ளை மறுபடி தொலைதூர லோடு எடுத்தால் அது உன் ஊர்ப் பக்கமும் போகுமாம், மாதத்தில் நாலு தடவை குழந்தையை வந்து பார்க்கிறேன் என்றார். வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன். சட்டி வாங்க வேண்டியதில்லை, கருகினவற்றைத் தேய்த்து எடுத்து வருகிறேன். ரேடியோவும் வருகிறது.

பெட்டியோடு தெருவில் இறங்கும்போது எதிர்வீட்டு அம்மா, "என்னங்க, உங்க சம்சாரம் ஓடிப்போனாங்க, பொண்ணும் போயிட்டா, இப்ப நீங்களுமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, நானும் ஓடிப்போறேன். குட்டியையும் இழுத்துக்கிட்டு" என்றேன்.

இதை ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபால் எங்களுக்கு முன்னால் வருமா பின்னால் வருமா தெரியாது. மூன்று ஓடினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்றாயே, சுவரில் கொஞ்சம் இடம் விட்டு வை. வந்து பார்க்கிறோம்.

உன் வீட்டுக்காரன்